நடக்கிற சோடி

2024 ஆகஸ்ட் பத்தாம் திகதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். நேரத்தை இவ்வளவு திட்டமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அப்போது நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதுதான். வேலணையில் எங்கள் வீட்டில் அந்த வேளையில் பார்ப்பதற்கு வேறொன்றும் இருக்கவில்லை. அண்ணாவுக்குக் குழந்தை பிறந்ததால் அம்மா பிரான்சுக்குப் போய் ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. அப்பா சனிக்கிழமைகளிலும் ஏதாவது காரணம் சொல்லி, தான் வேலைசெய்யும் கந்தோருக்குப் போய்விடுவார். அங்கே கதைப்பதற்கு ஆள் உண்டு. எனக்குப் பல்கலைக்கழக விடுமுறை. இறுதி வருடத்து ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் முதல் வாக்கியத்தை மட்டும் எழுதிவிட்டு, மூன்று நாட்களாக அதையே வாசித்துக்கொண்டிருந்தேன்: "அணி என்பது, நீக்கினாலும் பொருள் குன்றாதது."

தெருப்படலையில் மோட்டார் சைக்கிள் நின்ற சத்தம் கேட்டது. என் சிநேகிதியின் தகப்பனார். கரம்பொன் கடற்கரையில் இருப்பவர், நண்டுவலை போடுகிறவர். பின் இருக்கையில் பெரிய பொதி ஒன்றைக் கட்டியிருந்தார்.

"பிள்ளை, மகள் தந்துவிட்டவ. கையில குடுக்கச் சொன்னவ. ஆட்டாமல் கொண்டுவாறதுக்கு நான் பட்ட பாடு."

"உள்ளுக்கு வாங்கோ, அங்கிள்."

"இல்லைப் பிள்ளை, நேரமில்லை."

பதினான்கு வருடங்களாக நான் சொல்வதும் அவர் சொல்வதும் இவைதாம். அவருடைய வீட்டுக் குசினியில் பலகையில் உட்கார்ந்து நான் எத்தனையோ தரம் நண்டுக்கறி தின்றிருக்கிறேன். அவர் எங்கள் படலையைத் தாண்டி ஒருநாளும் வந்ததில்லை. வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வரச்சொல்லி, என்னைத் தவிர, யாரும் கேட்கவுமில்லை.

பொதிக்குள் இருந்தது ரேந்தை பின்னும் தலையணை. போர்த்துக்கேயர் எங்களிடம் விட்டுப்போன சொற்களில் கதிரையும் அலுமாரியும் எல்லோருடைய வாயிலும் இருக்கின்றன. துணியோரத்து நூற்பின்னலைக் குறிக்கும் ரேந்தை பெண்களின் வாயில் மட்டும் நின்றுவிட்டது. உருளை வடிவத் தலையணை. அதன்மேல் ஊசியால் துளையிட்ட மாதிரித்தாள். தாளின்மேல் குண்டூசிகள் பிடித்துவைத்த வெள்ளை ரேந்தை. அதன் கீழ்விளிம்பிலிருந்து தொங்கும் இருபத்துநான்கு நூல்கள். ஒவ்வொரு நூலின் நுனியிலும் விரல் நீளத்தில் ஒரு மரக்கட்டை. கட்டைகளை ஒரு துவாயால் இறுக்கிச் சுற்றியிருந்தாள். துவாயில் ஒரு கடிதத் துண்டு குத்தியிருந்தது.

"சோழகக் காத்து இங்கையும் அடிக்குது. பீடத்துணி ரேந்தைக்கு இன்னும் ஒரு சாண் காணாது. இண்டைக்குப் பின்னேரம் எங்களைத் தியானத்துக்கு விடினம். வியாழக்கிழமை வரைக்கும் கதைக்கேலாது, கைவேலையும் ஏலாது. மாதிரி எங்கட பழைய மாதிரிதான், உமக்குத் தெரியும். பின்னி முடிச்சுப் புதன் காலமை அப்பாட்டைக் குடுத்துவிடும். கட்டையளை நீரே வைச்சிரும்."

அவள் மூன்று வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடம் ஒன்றில் சேர்ந்தவள். வருகிற வியாழக்கிழமை, மாதாவின் விண்ணேற்புத் திருநாளில், துறவறத்துக்கான முதல் வார்த்தைப்பாடு கொடுக்கப் போகிறாள். பீடத்தின்மேல் தாளை வைத்துக் கையெழுத்திட வேண்டும் என்பதும், அந்தப் பீடத்துக்குத் தானே ரேந்தை பின்னிக் கொடுப்பதாக ஏற்றுக்கொண்டிருக்கிறாள் என்பதும் முந்திய கடிதத்தில் இருந்தன. அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. அதற்கு முந்தியதற்கும் எழுதவில்லை.

மடத்தில் சேரப்போவதாக அவள் என்னிடம் சொன்னது வேலணைச் சந்தியில், பஸ்ஸுக்காக நின்றபோது. நான் அப்போது கேட்டது ஒரேயொரு கேள்வி. "அப்ப நான் ஆரோட கதைக்கிறது?"

அவள் சிரித்தாள். "பஸ்ஸில பக்கத்தில இருக்கிற ஆளோட கதையும்."

அது பகிடி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவளை வழியனுப்ப நான் போகவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போய்வரும் ஒவ்வொரு நாளும், பாலத்தைக் கடக்கும் அந்த நீண்ட வழி முழுவதும், பக்கத்தில் இருப்பவர் எவராயினும் நான் யன்னலைப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஒரு சாண்தானே, நான்கு நாட்கள் இருக்கின்றன என்று நினைத்தேன். பிழை அங்கேதான் தொடங்கியது. பின்னத் தொடங்குவதற்கு முன், கட்டைகளின் வேலைப்பாட்டை ஒழுங்காகப் பார்த்து எழுதிவைத்துக்கொள்ள விரும்பினேன். அணியைப்பற்றி எழுதுகிறவளின் மேசைக்கு அலங்காரம் செய்த இருபத்துநான்கு பொருட்கள் தாமாக வந்திருக்கின்றன. நூல் சுற்றிய கட்டைகளை இந்த நிலையில் இனிமேல் பார்க்கக் கிடைக்காது என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கட்டைகளின் பிறப்பு எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் நாங்கள் இருவரும் கரம்பொன்னில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம். சனிக்கிழமைகளில் அங்கே தையல் வகுப்பு. ரேந்தை பழக்கிய சிஸ்டர், கட்டைகள் மாறிப்போகாமல் இருக்க, "உங்கட உங்கட குறியைப் போட்டுக்கொண்டு வாங்கோ" என்றார். அவர் கேட்டது பெயரின் முதலெழுத்தை. மற்றப் பிள்ளைகள் பேனையால் எழுத்தை எழுதிக்கொண்டு வந்தார்கள். என் சிநேகிதி வீட்டுக்குப் போய், கட்டைக்குக் குறி போடவேண்டுமாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அவளுடைய வீட்டில் கட்டை என்றால் வலையை மிதக்கவிடும் கட்டை. அதற்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. கடலில் யாருடைய வலை எதுவென்று தூரத்திலிருந்தே தெரியவேண்டும். தகப்பனார் தன் வலைக்கட்டைக் குறியையே சின்ன ரேந்தைக் கட்டைகளிலும் கத்தியால் வெட்டிக் கொடுத்துவிட்டார்: மீன் வால்போல விரிந்த இரண்டு கோடுகள், குறுக்கே ஒன்று. சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "இதென்ன, ரேந்தையைக் கடலில போடப்போறியோ?" என்று கேட்டது நினைவிருக்கிறது.

என்னிடம் கட்டைகளே இருக்கவில்லை. அவள் என்னைத் தகப்பனாரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் வள்ளத்தின் நிழலில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"உங்கட வீட்டுக் குறி என்ன, பிள்ளை?"

நாங்கள் தோட்டக்காரர். எங்களிடம் மிதவைக் கட்டை இல்லை. நான் யோசித்துவிட்டு, தெரிந்த ஒரே குறியைச் சொன்னேன்: ஒரு பிறை, அதற்குக் கீழே ஒரு கோடு.

"எங்க போடுறனீங்கள் இதை?"

"மாட்டில."

அவர் நெடுநேரம் சிரித்தார். பிறகு, "மாட்டுக்கு வெட்டுறேல்லைத்தானே, சுடுறதெல்லோ" என்று சொல்லி, அடுப்பில் ஓர் ஆணியைக் காய்ச்சி, வேப்பங்கட்டைகளில் பிறையையும் கோட்டையும் சுட்டுத் தந்தார். வகுப்பில் என்னைச் சில மாதங்கள் மாட்டுக்காரி என்று கூப்பிட்டார்கள். சாதாரணதரப் பரீட்சை நெருங்கியபோது நான் வகுப்பை விட்டேன். என் கட்டைகளை வகுப்பறை அலுமாரியில் அப்படியே வைத்துவிட்டு வந்தேன். பிறகு அவற்றைப்பற்றிக் கேட்கவேயில்லை.

அன்று பின்னேரம் துவாயை அவிழ்த்து, கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நூலை அறுக்கவில்லை, கழற்றவுமில்லை. அலங்காரத்தின்படி அவற்றைத் தலையணையின்மேல் இடமும் வலமும் தள்ளிக் குவித்தேன், அவ்வளவுதான். கொப்பியில் இப்படி எழுதினேன்:

பதினொரு சோடிகள் பனை வைரம். கறுப்பும் மண்ணிறமுமாக வரியோடியவை. அவற்றில் ஆறு சோடிகளில் மீன்வாற்குறி, வெட்டியது. மூன்று சோடிகளில் குறியோடு கழுத்தில் வளையங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு சோடியில் பித்தளைக் கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கிறது. ஒரு சோடியின் அடியில், அறுந்த செபமாலையிலிருந்து எடுத்த நீலமணி தொங்குகிறது. மிக அழகானது இதுவே. பன்னிரண்டாவது சோடி வேறு மரம். அலங்காரம் இல்லை. நடுவில் கறை.

கறுப்பு வெட்டுகளில் வெளிச்சம் சரியாக விழவில்லை. தலையணையை யன்னற்பக்கம் திருப்பினேன். குவியல்கள் அதன் மறுபக்கமாகச் சரிந்தன. நான்கு குண்டூசிகள் கழன்று மேசையில் விழுந்தன. அவற்றைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டேன். அந்த நேரத்தில் எனக்கு அது பெரிய விடயமாகத் தெரியவில்லை.

அப்பா வந்து, சேர்ட்டைக் கழற்றியபடியே மேசையை எட்டிப் பார்த்தார். தேர்தல் கடமைக்கு அடிக்கடி போகிறவர்.

"என்ன பிள்ளை, வாக்கு எண்ணுறியோ?"

"வகைப்படுத்துறன், அப்பா."

"நிராகரிச்சது எத்தினை?"

கறைபிடித்த சோடியைக் காட்டினேன். "இரண்டு."

"பரவாயில்லை, சுத்தமான தேர்தல்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். அன்று எங்கள் வீட்டில் நடந்த சம்பாஷணை அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்ன உட்கார்ந்தேன். அப்போதுதான் நான் செய்தது எனக்குப் புரிந்தது.

இந்த ரேந்தையில் பதினொரு சோடிகள் நிற்கும்; ஒரு சோடி நடக்கும். நிற்கிற சோடிகள் நெசவின் பாவுநூல்போல மேலிருந்து கீழே தொங்கிக்கொண்டிருக்கும். நடக்கிற சோடி ஒரு கரையிலிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு சோடியோடும் மாறி முறுக்கி, மறுகரைக்குப் போய், அங்கே ஒரு குண்டூசியைச் சுற்றித் திரும்பி வரும். எது எங்கே நிற்கிறது, எது எதுவரை நடந்திருக்கிறது என்பதைப் பின்னுகிறவளின் கை மறந்தாலும் கட்டைகளின் வரிசை வைத்திருக்கும். அந்த வரிசையைத்தான் நான் அழகின்படி குலைத்திருந்தேன். நூல்கள் ஒன்றன்மேலொன்று ஏறிக் கிடந்தன. நான்கு ஊசிகள் கழன்ற இடத்தில் கடைசி வரிசைகள் தளர்ந்து, சிறிதும் பெரிதுமாக இருக்கவேண்டிய ஓட்டைகள் எல்லாம் ஒரே அளவாகத் தெரிந்தன.

திருத்துவதற்கு ஒரு வழி உண்டு. நடக்கிற சோடியைப் பிடித்து, வந்த வழியே பின்னோக்கி நடத்தி, குலையாத வரிசைவரை அவிழ்க்கவேண்டும். அதற்கு நடக்கிற சோடி எது என்று தெரியவேண்டும். பன்னிரண்டில் ஒன்று. தெரிந்த ஒரே ஆள் மௌனத்தில் இருக்கிறாள்.

எல்லாவற்றிலும் அழகானது தனித்துத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் அழகாக்கப்பட்டிருக்கும் என்று முடிவுசெய்தேன். நீலமணிச் சோடியைப் பிடித்து அவிழ்த்தேன். இரண்டு சோடிகளைத் தாண்டும்வரை சரிபோலத் தெரிந்தது. மூன்றாவதில் நூல் வராமல் நின்றது. இழுத்தேன். ரேந்தையின் நடுவில், கடலைப்பருப்பு அளவில், ஓர் ஓட்டை விழுந்தது.

கையை எடுத்துவிட்டேன். மத்தியானம் சமைக்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை, பாணும் சம்பலும் வாங்கிக்கொண்டு வந்து வைத்தார். பின்னேரம் அம்மா தொலைபேசியில் எடுத்து, குழந்தைக்கு நேற்றுத் தடுப்பூசி போட்டது, அழவேயில்லை என்றார். நான் "ஓம், ஓம்" என்று கேட்டேன். ஒரு ரேந்தை குலைந்துவிட்டது என்பதை ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருக்கும் ஒருவருக்கு எந்த இடத்திலிருந்து தொடங்கிச் சொல்வது? சொல்லவேண்டுமானால், ஏன் இரண்டு கடிதங்களுக்குப் பதில் எழுதவில்லை என்பதிலிருந்து தொடங்கவேண்டும். தொலைபேசியை வைத்தபிறகு வீடு முன்னிருந்ததைவிட அமைதியாயிற்று. காற்று மட்டும் பனைகளை விடாமல் உரசிக்கொண்டிருந்தது.

அவள் கேட்டது மிகக் குறைவு என்பது அன்றிரவு படுக்கையில் எனக்கு உறைத்தது. ஏன் பதில் எழுதவில்லை என்று கேட்கவில்லை. வியாழக்கிழமை வருவீரா என்றும் கேட்கவில்லை. ஒரு சாண் ரேந்தையை மட்டும் கேட்டிருந்தாள். அதையும் நான் கெடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை பத்து மணியளவில் தகப்பனார் மறுபடியும் படலைக்கு வந்தார். ஒரு பையில் நண்டு கொண்டுவந்திருந்தார்.

"என்ன பிள்ளை, முடிஞ்சு வருதோ? தாய் கேக்கச் சொன்னவ."

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். புதன்கிழமைவரை பொய் தாங்கும். பிறகு தாங்காது.

"அங்கிள், நான் குழப்பிப்போட்டன்."

"என்னத்தை?"

"எல்லாத்தையும். கட்டையள் மாறிப்போச்சு. எது நடக்கிற சோடி எண்டு தெரியேல்லை."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைப் பார்த்தார். "எனக்கு வலையெண்டால் தெரியும். உது தெரியாது. எண்டாலும் கொண்டாரும், பாப்பம்."

தலையணையைத் தூக்கிக்கொண்டு படலைக்கு வந்தேன். சோழகம் ஒரே வீச்சில் இருபத்துநான்கு நூல்களையும் தூக்கியது. மிஞ்சியிருந்த ஒழுங்கும் போய்விடும் என்று நான் தலையணையை நெஞ்சோடு அணைத்துக் குனிந்துகொண்டேன். அவர் கையை அகல விரித்துக் காற்றை மறைத்தபடி, "உள்ளுக்குப் போம், உள்ளுக்குப் போம்" என்று என்னைத் தள்ளாத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தார். விறாந்தையைக் கடந்து, கதவைச் சாத்தி, மேசையில் தலையணையை வைத்தபிறகுதான் அவர் எங்கே நிற்கிறார் என்பதை இருவரும் உணர்ந்தோம். நான் ஒரு கதிரையை இழுத்து வைத்தேன். அவர் அதன் நுனியில் உட்கார்ந்தார்.

கட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இது என்ர. இது என்ர. இந்தக் கம்பி, பழைய ரேடியோவுக்குள்ள கிடந்தது." பிறகு கறைபிடித்த சோடியில் ஒன்றை எடுத்து, பெருவிரலால் தடவி, யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தார்.

"உது நான் வெட்டினதில்லை."

"அது சும்மா கட்டை, அங்கிள். கறை பிடிச்சிருக்கு."

"கறையோ? நான் சுட்டது, பிள்ளை. ஆணியால. வேப்பங்கட்டை." கட்டையை என் பக்கம் திருப்பினார். "உங்கட மாடெல்லோ உது."

சரித்துப் பார்த்தேன். பிறையின் ஒரு கொம்பும், கீழ்க்கோட்டின் பாதியும், நிழல்போல இருந்தன. மற்றதெல்லாம் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது. என் சொந்தக் குறியைத்தான் நான் அலங்காரம் இல்லை என்று எழுதியிருந்தேன்.

"என்ரயெல்லாம் வெட்டினபடி கிடக்குது. உது மட்டும் ஏன் இப்பிடித் தேஞ்சுபோச்சு?" என்று அவர் உண்மையாகவே யோசித்தார். பனை வைரத்தைவிட வேம்பு மெதுமையோ என்று தன்னையே கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டு கட்டையைக் கீழே வைத்தார். "மாடு நல்லா நடந்திருக்குது போல."

அவர் பகிடி விட்டார். அது பகிடியாக மட்டும் இருக்கவில்லை. நிற்கிற சோடிகளைக் கை ஒரு வரிசைக்கு ஒருதரம் தொடும். நடக்கிற சோடியை விடாமல் தொட்டுக்கொண்டேயிருக்கும். ஒவ்வொரு வரிசையிலும், ஒவ்வொரு சோடியிலும், எட்டு, ஒன்பது வருடங்களாக. வகுப்பறை அலுமாரியிலிருந்து என் சோடி ஒன்றை அவள் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், அதையே நடக்கவிட்டிருக்கிறாள். அவளுடைய பனைக்கட்டைகளின் நடுவில் வேப்பங்கட்டை பார்த்தவுடன் தெரியும், எடுப்பதற்குச் சுலபம். காரணம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். வேறு காரணமும் இருந்திருக்கலாம். அதை அவளிடம்தான் கேட்கவேண்டும்.

தேத்தண்ணி போட்டேன். அவர் குடித்துவிட்டு, கோப்பையைத் தானே கழுவ எழுந்தார். நான் வாங்கிக்கொண்டேன். படலையில் நின்று, "முடியாட்டிப் பரவாயில்லை, பிள்ளை. அவ ஒண்டும் சொல்லமாட்டா" என்றார். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வேப்பஞ்சோடியைப் பிடித்துப் பின்னோக்கி நடத்தினேன். நூல் வந்தது. ஒரு சோடி, இரண்டு, மூன்று. கரையில் ஊசி இருந்த துளை. அங்கிருந்து மறுபடியும் எதிர்த்திசையில். ஓட்டை மூடவில்லை, அந்த வரிசையே இல்லாமற்போனது. ஐந்து வரிசைகள் அவிழ்ந்தபிறகு அவளுடைய உறுதியான பின்னல் வந்தது, அங்கே நின்றேன். நடக்கிறது எது என்று தெரிந்தபின் நிற்கிறவை தாமாகப் பிரிந்தன. ஒவ்வொரு நூலையும் அது தொங்கும் இடத்துக்கு நேராக இறக்கினேன். கட்டைகள் வந்து நின்ற ஒழுங்கைப் பார்த்தேன். நேரான கரையில், ஊசி குத்தும் இடத்தில் நீலமணிச் சோடி. மறுகரையில், விளிம்பு வளையும் பக்கத்தில் பித்தளைக் கம்பி. முறுக்கு ஒருதரம் விழவேண்டிய சோடிக்கு ஒரு வளையம், இரண்டுதரம் விழவேண்டியதற்கு இரண்டு, மூன்றுதரத்துக்கு மூன்று. சும்மா நெய்துபோகும் இடங்களில் வெறும் மீன்வால். நான் மிக அழகானது என்று எழுதிய மணி, இங்கே நின்று ஊசியைக் குத்து என்று கைக்குச் சொல்வதற்காகக் கட்டப்பட்டது. வேற்றுமை உருபை எடுத்துவிட்டுப் பெயர்ச்சொற்களை அழகின்படி அடுக்கியவளின் வேலையை நான் செய்திருந்தேன்.

அப்பா வந்து குசினியில் இரண்டு கோப்பைகள் கிடப்பதைக் கண்டார்.

"ஆர் வந்தது?"

"கரம்பொன் அங்கிள்."

"உள்ளுக்கோ?"

"ஓம். வெளியில காத்து."

அப்பா இரண்டையும் கழுவி, துடைத்து, எங்கள் கோப்பைகள் இருக்கும் தட்டில் வைத்தார். "நண்டு நல்ல நண்டு" என்றார்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் பின்னினேன். முதலில் கை தயங்கியது. ஒரு வரிசைக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது. பிறகு கட்டைகள் ஒன்றோடொன்று தட்டும் சத்தத்துக்கு விரல்கள் பழகிக்கொண்டன. வகுப்பில் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே இருந்தோம். ஒருத்தியின் கட்டைச்சத்தம் நின்றால் மற்றவள் நிமிர்ந்து பார்ப்பாள். அன்று மத்தியானம் என் சத்தத்தை நிறுத்திவிட்டு நான் நிமிர்ந்து பார்த்தேன். எதிரே கதிரை மட்டும் இருந்தது, திங்கட்கிழமை இழுத்துவைத்த இடத்திலேயே.

ஒரு சாண் என்று எழுதியிருந்தாள். அது அவளுடைய சாண். நாங்கள் பன்னிரண்டு வயதில் உள்ளங்கைகளை ஒட்டிவைத்து அளந்திருக்கிறோம். அவளுடைய விரல்கள் நீளம். என் சாணுக்கு மேல் ஒரு விரற்கடை கூட்டிப் பின்னினேன். கடைசி ஊசியைக் குத்தியபோது மாலை ஐந்து மணி நாற்பது. என் பகுதி அவளுடையதைவிடச் சற்று இறுக்கமாக இருக்கிறது. தெரிந்து பார்த்தால் தெரியும்.

படுக்கப்போவதற்கு முன் தகப்பனாருக்குத் தொலைபேசியில் சொன்னேன்: "நீங்கள் வரவேண்டாம், அங்கிள். நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்." ஆய்வேட்டின் இரண்டாம் இயலைத் திறந்து, முதல் வாக்கியத்தை வெட்டினேன். புதிய வாக்கியம் எதுவும் எழுதவில்லை.

புதன்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்து, நூல்களைச் சோடி சோடியாக முடிந்து, கத்தரிக்கோலை எடுத்தேன். பனங்கட்டைகள் இருபத்திரண்டையும் வெட்டினேன். வேப்பஞ்சோடியை வெட்டவில்லை, அது ரேந்தையின் மூலையில் அப்படியே தொங்கியது. அதை அவள் வெட்டட்டும். வாசலில் நிற்கும் சிஸ்டருக்குச் சொல்லவேண்டிய வாக்கியத்தைக் குளிக்கும்போதே தயாரித்துக்கொண்டேன். நாளைக்கும் வருவேன் என்பதையும் அதோடு சேர்த்துக்கொண்டேன். ரேந்தையை வெள்ளைத் துணியில் சுற்றி, கட்டைகள் இரண்டும் வெளியே தெரிய, மடியில் வைத்துக்கொண்டு ஆறு நாற்பது பஸ்ஸில் இருந்தேன்.

பாலத்தில் ஏறியதும் காற்று உள்ளே புகுந்தது. நான் யன்னலை மூடினேன். பக்கத்தில், ஓலைப்பெட்டியில் முருங்கைக்காய் கொண்டுபோகும் ஓர் அம்மா இருந்தார். அவர் என் மடியை உற்றுப் பார்த்தார்.

"என்ன பிள்ளை உது? பம்பரமோ?"

"இல்லையம்மா, ரேந்தைக் கட்டை" என்றேன். அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு கட்டையை அவருடைய கையில் கொடுத்து, தேய்ந்த இடத்தை வெளிச்சத்துக்குச் சரித்துக் காட்டினேன். "இது எங்கட மாட்டுக் குறி."